பொம்பிளையின் அப்பாவுக்கு எந்த நிற மேசு?

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆறு சோடி நீளக் காலுறைகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றுக்கு முன்னால் என் கணவர் குலசிங்கம் சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, விடை தெரியாத வினாத்தாளைப் பார்ப்பவர் போல நின்றார்.

வெளியே, ஒஸ்லோவின் கிழக்கு ஓரத்தில் நாங்கள் குடியிருக்கும் ஸ்தோவ்னரில், உருகுவதா இன்னும் கொஞ்சம் விழுவதா என்று முடிவெடுக்காத பனி. தேபானே என்னும் நகர ரயில் ஒன்று பள்ளத்தில் இரைந்துகொண்டு போனது. உள்ளே ஈரக் கம்பளி மணம். புதுக் கம்பளிக்கென்று ஒரு மணம் உண்டு. மழையில் நனைந்த ஆடும் சவர்க்காரமும் கலந்தது போல.

"சொல்லும். எது?" என்றார்.

"எனக்கென்ன தெரியும்? நானே பாவாடை கட்டப் போறன்?" என்றேன்.

"உது பாவாடையில்லை. கில்ட்."

இரண்டு மாதங்களுக்கு முன் அதைக் 'கட்டைப் பாவாடை' என்று சொன்னவரும் இவர்தான். ஆனால் அந்தக் கதையைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

யுவன் என்ற நல்ல தமிழ்ப் பெயர்

எங்கள் ஒரே பிள்ளை தாரணி. ஒஸ்லோவில் பிறந்து, ஒஸ்லோவில் படித்து, எண்ணெய்க் கம்பனி ஒன்றில் எஞ்சினியராக ஸ்தவாங்கருக்குப் போனவள். போன மூன்றாம் வருடம் ஒரு நாள் தொலைபேசியில், "அம்மா, நான் ஒராளைச் சந்திச்சிருக்கிறன். பேர் யூவன்" என்றாள்.

நான் ரொறன்ரோவில் இருக்கும் என் அக்காவுக்கு அந்தப் பெயரைச் சொன்னேன். தொலைபேசி இரைந்ததா, அக்காவின் காது இரைந்ததா தெரியாது.

"யுவனோ? வடிவான தமிழ்ப் பேர். தாய் தேப்பன் எவடம்?"

"இன்வெர்னெஸ்."

"அதெங்கை கிடக்கு?"

"ஸ்கொட்லாந்திலை, அக்கா."

"பாத்தியே, எங்கடை சனம் போகாத இடமில்லை!"

இரண்டு நாள் நான் அதைத் திருத்தவில்லை. அக்கா சந்தோசமாக இருக்கட்டும் என்று விட்டேன். மூன்றாம் நாள் படம் அனுப்பினேன். சிவப்புத் தாடியும் புள்ளி விழுந்த மூக்கும் உள்ள படம். அக்காவிடமிருந்து ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. பிறகு, "பொடியன் நல்ல உயரம்" என்று மட்டும் எழுதினாள்.

இவர் எதிர்க்கவில்லை. இவருடைய எதிர்ப்பு வேறு விதம். யூவன் வீட்டுக்கு வந்தால் காலநிலையைப் பற்றி மட்டும் கதைப்பார். ஒரு வருடம் முழுக்க மாமனாரும் மருமகனும் மழை, பனி, காற்று, மறுபடி மழை.

அதுவும் எந்தப் பாசையில்? இருவருக்கும் பொது நோர்வேஜிய மொழிதான். யூவனுடையது ஸ்கொட்லாந்து வாயால் வருவது. இவருடையது, நாட்டின் வட முனையில் ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் படித்தது. ஒஸ்லோ ஆட்கள் 'நான்' என்பதை 'யாய்' என்பார்கள். இவர் அந்தப் பக்கத்து மீனவர்களைப் போல 'ஏ' என்று ஆட்டுக்குட்டி மாதிரிச் சொல்லுவார். முப்பது வருடமாக ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறார், அந்த 'ஏ' மட்டும் போகவில்லை. பஸ்ஸில் ஏறும் வடக்கத்திக் கிழவிகள் இவரைக் கண்டால் சொந்தக்காரரைக் கண்டது போல முன் இருக்கையில் வந்து இருந்துவிடுவார்கள்.

ஒரு மீன் தொழிற்சாலைக் கதை

ஹம்மர்பெஸ்ட் என்று எழுதியதும் ஒன்று ஞாபகம் வருகிறது.

கலியாணம் முடிந்த கையோடு இவர் வந்துவிட்டார். நான் இரண்டு வருடம் கழித்து வந்தேன். கொழும்பில் ஏறும்போது சேலையும் செருப்பும். இறங்கியபோது ஹம்மர்பெஸ்டில் நடுப்பகலே இருட்டு. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இவர் நிற்கிறார், கையில் ஒரு பொதி. பூமாலை என்று நினைத்தேன்.

பிரித்தால் சாம்பல் நிறக் கம்பளி மேசு. காலுறையை யாழ்ப்பாணத்தில் நாங்கள் மேசு என்றுதான் சொல்வோம். இவர் அத்தனை பேருக்கு முன்னால் குந்தியிருந்து, என் செருப்பைக் கழற்றி, இரண்டு காலுக்கும் மேசு போட்டுவிட்டார்.

மாலை போடவேண்டிய மனிதர் மேசு போட்டார் என்று நான் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவேன். "மாலை போட்டிருந்தா விரல் விறைச்சிருக்கும்" என்பது அவருடைய பதில். அந்தப் பதிலில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாததுதான் எனக்கு எரிச்சல்.

வேட்டிக்கு ஒரு கில்ட்

கலியாணம் நிச்சயமான பிறகு யூவனின் தகப்பன் அலிஸ்டர் ஒரு கடிதம் எழுதினார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். கையெழுத்து மணிமணியாக இருந்தது.

விசயம் இதுதான். சனிக்கிழமை எங்கள் முறைப்படி தாலி கட்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விருந்து. அதில் அவர்கள் பக்கத்து ஆண்கள் எல்லோரும் கில்ட் அணிவார்கள். சனிக்கிழமை வேட்டி கட்டி மணவறையில் இருக்க அலிஸ்டருக்குச் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை பொம்பிளையின் தகப்பன் தங்கள் குடும்பத்துக் கில்ட்டை அணிந்தால் அதைப் பெரிய மரியாதையாக எடுத்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்.

நான் வாசித்துக் காட்டினேன். கட்டைப் பாவாடையோ என்று இவர் தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"அந்தாள் வேட்டி கட்டுதாமோ?"

"ஓம். எழுதியிருக்கிறார்."

"அப்ப நான் கட்டாட்டில் என்னண்டு நினைப்பினம்?"

"பயந்திட்டியள் எண்டு நினைப்பினம்."

அது காணும். அடுத்த நாளே சம்மதம் போனது.

கில்ட் ஒரு பெரிய பெட்டியில் வந்தது. அலிஸ்டரின் தம்பியுடையதாம். எட்டு யார், அதாவது எட்டுக் கெஜத் துணி! என் கூறைச்சேலையைவிட இரண்டு யார் கூட. கரும் பச்சையும் கருநீலமும் கட்டம் போட்டு, இடையில் நூல் போல ஒரு மெறூன் கோடு. இடுப்பில் இவர் அதைச் சுற்றிக்கொண்டபோது, மடிப்பில்லாத முன்பக்கம் கோவிலுக்குப் போகிற மாதிரியும் மடிப்பு வைத்த பின்பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போகிற மாதிரியும் இருந்தார். அதைச் சொன்னதற்கு ஒரு பின்னேரம் முழுக்க என்னோடு கதைக்கவில்லை.

கில்ட்டோடு தெரிவு செய்து பார்க்க ஆறு சோடி மேசு. கிறீம், கரும் பச்சை, கருநீலம், நிலக்கரிச் சாம்பல், மெறூன், அத்தோடு மஞ்சள்தூளில் விழுந்தது போல ஒன்று. யூவன் ஒரு குறிப்பும் வைத்திருந்தான். கழுத்துப்பட்டிக்குப் பொருத்தமாக மேசு எடுக்கக்கூடாது. கட்டத்தில் உள்ள மெல்லிய கோட்டின் நிறத்தை எடுப்பது அழகு. கிறீம் நிறம் எல்லோரும் போடுவார்கள், ஆனால் வாடகைக் கடையில் எடுத்தது போலத் தெரியும்.

இவ்வளவு சட்டத்தை நான் நோர்வே பிரசாவுரிமைக்கு விண்ணப்பித்தபோதும் படிக்கவில்லை.

கீழ்வீட்டுக் கவிதா கோயம்புத்தூர்ப் பிள்ளை, கணினி வேலை, நல்ல ரசனை. அபிப்பிராயம் கேட்கலாம் என்று, "மேசு பாக்க ஒருக்கா வாறியளோ?" என்று செய்தி அனுப்பினேன். வந்தவள் கதவடியில் நின்றே, "ஆன்ட்டி, புது மேஜை வாங்கியிருக்கீங்களாமே, எங்க?" என்றாள். சாப்பாட்டு மேசையைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, "இது பழசுதானே?" என்றாள்.

விளங்கப்படுத்தியதும் சிரித்து முடிக்க ஐந்து நிமிடம் சென்றது. பிறகு மெறூனை எடுத்து, "அங்கிளுக்கு இதுதான் எடுப்பா இருக்கும்" என்றாள். இவருக்கு கிறீம்தான் வேண்டும். யூவனின் படங்களில் எல்லா மாப்பிள்ளைகளும் கிறீமாம்.

"நீங்கள் மாப்பிள்ளையில்லை. மாப்பிள்ளையின்ரை மாமா" என்றேன்.

எனக்குக் கருநீலமோ கரும் பச்சையோ, எதுவானாலும் இருட்டு நிறம் வேண்டும். ஏன் என்று கவிதாவுக்கு முன்னால் சொல்ல முடியாது. தாரணிக்கு முன்னால் சொல்லவே முடியாது.

நான் பார்த்த கால்கள்

என் வேலையைப் பற்றி இந்தத் தொடரில் முன்பும் எழுதியிருக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாக உதவியாளர். காலை ஏழு மணிக்கு என் முதல் வேலை, வயதானவர்களுக்கு இறுக்கு மேசு போட்டுவிடுவது. இரத்தம் காலில் தேங்காமல் மேலே தள்ளுவதற்கான மேசு. கையுறை போட்டு, குதிக்கால் வரை உள்ளே வெளியே திருப்பி, சுருக்கம் விழாமல் இழுக்கவேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து கால்கள். பெயர் மறந்த ஆட்களையும் காலைக் கண்டால் எனக்கு ஆளைத் தெரியும்.

அப்படிப்பட்டவளின் வீட்டுக்காரருக்கு, முந்தின இலையுதிர் காலத்தில் ஒரு நாள் இடது கெண்டைக்கால் வீங்கியது. சூடாகவும் இருந்தது. "தசைப் பிடிப்பு" என்றார். நான் தொட்டுப் பார்த்தேன். சப்பாத்தைப் போட வைத்து, வாடகைக் காரில் ஏற்றி, அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோனேன். இரத்தக் கட்டி. இரத்தத்தை இளக்குகிற மாத்திரை ஆறு மாதத்துக்கு. இடது காலுக்கு இறுக்கு மேசு, தினமும்.

திரும்பி வரும் வழியில் இவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பிள்ளைக்குச் சொல்லாதையும்."

"ஏன்?"

"கலியாணத்தைத் தள்ளிப் போடுவாள். வேலையை விட்டிட்டு இஞ்சை வந்து நிப்பாள். கலியாணம் முடியட்டும், பேந்து சொல்லுவம்."

நான் ஓம் என்று சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது.

மாத்திரையைப் போடுவார். இறுக்கு மேசு மட்டும் போடமாட்டார். தோல் நிறம் என்று சொல்லி விற்கிறார்கள். யாருடைய தோல் நிறமோ, இவருடைய காலில் அது ரொட்டி மாவு பூசியது போல இருக்கும். "கிழவர் மேசு" என்று அலுமாரிக்குள் எறிந்துவிடுவார். நான் எடுத்து வைப்பேன். அவர் திரும்ப எறிவார்.

இப்போது விளங்கியிருக்கும். கில்ட் அணிந்தால் முழங்காலுக்குக் கீழே ஊர் பார்க்கும். உள்ளே அந்த மாவு நிற மேசைப் போட்டு மேலே கிறீம் போட்டால் தெரியும். இருட்டு நிறம் போட்டால் மறையும். இவரோ, அன்றைக்கு உள்ளே ஒன்றும் போடாமல் விடுவதற்காகவே கிறீமில் நின்றார். நாங்கள் இரண்டு பேரும் நிறத்துக்காகச் சண்டை பிடிப்பது போல வேறொன்றுக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம்.

காணொளி அழைப்பில் தாரணி குழம்பிப்போனாள். "அம்மா, நீங்கள் ஏன் கறுப்பு மாதிரி நிறத்திலையே நிக்கிறியள்? கலியாணவீடு எல்லே?"

கிளட்ச் கால்

அந்த வார இறுதியில் தாரணியே வந்து நின்றாள். இதைத் தானே தீர்க்கிறேன் என்று, கையில் அளவு நாடா. மேசின் அளவு சரியா என்று கெண்டைக்காலை அளந்து பார்க்கவேண்டுமாம்.

"அளவு தேவையில்லை. எல்லாம் சரி" என்றார் இவர்.

"நில்லுங்கோ அப்பா, ஒரு நிமிசம்."

வலது காலை அளந்தாள். இடது காலை அளந்தாள். மறுபடி வலது. நான் குசினிக்குள் போய் ஒரு காரணமும் இல்லாமல் தண்ணீர்க் குழாயைத் திறந்தேன்.

"அப்பா, இடது கால் மூண்டு சென்ரிமீற்றர் பெரிசு."

"அது அப்பிடித்தான். முப்பது வருசம் பஸ் ஓட்டினவனுக்கு. கிளட்ச் மிதிக்கிற கால்."

தாரணி அளவு நாடாவைச் சுருட்டினாள்.

"அப்பா," என்றாள் தாரணி மெதுவாக, "ஒஸ்லோ பஸ்ஸிலை கிளட்ச் எங்கை இருக்கு?"

இவருக்கு ஆயிரம் நல்ல குணங்கள். பொய் சொல்லத் தெரியாது என்பதை அவற்றில் சேர்க்கலாமா என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். இவர் ஓட்டுவது கிளட்ச் இல்லாத மின்சார பஸ். அதைப் பற்றி வாரக் கணக்கில் எங்களுக்குப் பெருமையடித்தவரும் இவரே.

தாரணி குசினிக்கு வந்தாள். குழாயை மூடினாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன்.

"நீங்கள் ஒவ்வொரு நாளும் ஆர் ஆற்றையோ காலைப் பாக்கிறியள். அப்பாவின்ரை காலை எனக்கு மறைச்சிட்டியள்."

"பிள்ளை, உம்மடை கலியாணம் குழம்பக்கூடாது எண்டுதான்..." என்று இவர் பின்னால் வந்து நின்றார்.

"அந்தக் கட்டி நெஞ்சுக்குப் போனா என்ன நடக்கும் எண்டு தெரியுமே உங்களுக்கு? நான் ஸ்தவாங்கரிலை இருந்து கலியாணத்துக்குப் பதிலா செத்தவீட்டுக்கு வரோணுமோ?"

மேலங்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். யன்னலால் பார்த்தேன். தேபானே நிலையத்துக்குப் போகும் பாதையில், உருகிய பனிக்குள் சளக் சளக்கென்று நடந்துபோனாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மேசையில் ஆறு சோடி மேசும் அப்படியே கிடந்தன.

எட்டு மணித்தியால ரயில்

பிறகு மூன்று கிழமை. தொலைபேசி எடுத்தால் பேசுவாள், ஆனால் பூக்காரர், சமையல்காரர், மண்டபத் திறப்பு. இவரைப் பற்றிக் கேட்கமாட்டாள். "யூவனிட்டைச் சொல்லி அப்பாவின்ரை கில்ட் விசயத்தை நிப்பாட்டுறன்" என்று ஒரு நாள் எழுதினாள். அதோடு ஒரு முற்றுப்புள்ளி. தாரணி எனக்கு எழுதும்போது முற்றுப்புள்ளி போடுவதே இல்லை.

நான் வேலையில் அழுதேன். மற்றவர்கள் காலுக்கு மேசு போடும்போது கண்ணீர் விட்டால் நழுவும்; அது அந்த வாரத்தில் நான் படித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை வேலையால் வந்து பார்த்தால் இவரைக் காணவில்லை. மேசையில் ஒரு துண்டு: 'ஸ்தவாங்கருக்குப் போறன். ரயிலிலை. பயப்பிட வேண்டாம், மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி நடப்பன்.'

ஒஸ்லோவிலிருந்து ஸ்தவாங்கருக்கு ரயில் எட்டு மணித்தியாலம். அலுமாரியைத் திறந்து பார்த்தேன். இறுக்கு மேசு அங்கே இல்லை.

அங்கே நடந்ததை யூவன்தான் எனக்குச் சொன்னான். மணி அடித்தது, கதவைத் திறந்தால் மாமா. கலியாணத்தை நிறுத்த வந்துவிட்டார் என்று அவன் நினைத்தானாம். பழக்கதோசத்தில், "காற்று அதிகமோ?" என்று காலநிலையைக் கேட்டானாம்.

"காற்றைப் பற்றிக் கதைக்க நான் வரவில்லை" என்று இவர் தன் ஹம்மர்பெஸ்ட் நோர்வேஜியத்தில் சொன்னாராம்.

தாரணி உள்ளேயிருந்து வந்தாள். இவர் வாசலில் நின்றபடியே களிசானின் இடது காலை முழங்கால் வரை உயர்த்திக் காட்டினார்.

"போட்டுக்கொண்டு வந்தனான், பிள்ளை. காலமையிலையிருந்து."

தாரணி பார்த்தாள். "சுருங்கிப்போய்க் கிடக்கு அப்பா. உப்பிடியே போடுறது?" என்றாள். பிறகுதான் அழுதாளாம்.

அன்றைக்கு இவர் யூவனிடம் முதல் தடவையாகக் காலநிலை அல்லாத விசயங்கள் கதைத்தார். மீன் தொழிற்சாலையில் ஈரச் சீமெந்தில் பத்து மணித்தியாலம் நின்றது, அங்கே யாருக்கும் நோகுது என்று சொல்லாமல் பழகியது, பஸ்ஸில் இருக்கும்போது கால் மரத்துப்போவது. தாரணிக்கும் அதில் பாதி புதுக் கதை. யூவன் சொல்லக் கேட்டபோது, எனக்கும் அதில் பாதி புதுக் கதைதான்.

டொக்டருக்கு முன்னால்

அடுத்த பரிசோதனைக்குத் தாரணி விடுமுறை எடுத்துக்கொண்டு வந்தாள். அதுதான் அவள் போட்ட நிபந்தனை. டொக்டர் இளம் பெண். நாங்கள் மூவரும் அவர் முன்னால் வரிசையாக இருந்தோம், இவர் நடுவில்.

"மேசைத் தினமும் போடுகிறீர்களா?" என்று டொக்டர் கேட்டார்.

"யா" என்றார் இவர்.

"நை!" என்று மறுத்தோம் நானும் தாரணியும், ஒரே மூச்சில்.

டொக்டர் கணினியில் எதையோ எழுதினார். எங்களுடைய 'நை'யைத்தான் எழுதியிருப்பார் என்று நம்புகிறேன்.

கட்டி கரைந்திருந்தது. மேசு இன்னும் தொடரவேண்டும். தாரணி ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். கில்ட்டின் படத்தையும் காட்டினாள். டொக்டர் ஆர்வமாகப் பார்த்தார். கம்பளி மேசை மேலே போடலாம். ஆனால் அதை முழங்காலுக்குக் கீழே பிடித்து வைக்கிற இறுக்கமான இழுபட்டி வேண்டாம். ஆடலாம், இடைக்கிடை இருந்து காலை உயர்த்தி வைக்கவேண்டும். "கால் நோவு வந்தால் சொல்லவேண்டும்" என்று இவரைப் பார்த்துச் சொன்னார்.

வெளியே வந்ததும் தாரணி எங்களை மருத்துவச் சாமான் விற்கும் கடைக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு நிற அட்டையை விரித்தார்கள். எனக்கு வாய் மூடவில்லை. இருபது வருடம் மாவு நிறத்தை இழுத்திருக்கிறேன். இறுக்கு மேசு நீலத்திலும் பச்சையிலும் மெறூனிலும் வருகிறது என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

"மெறூன்" என்றாள் தாரணி.

"கிறீம் இல்லையோ?" என்றார் இவர்.

"அப்பா."

"சரி, மெறூன்."

ஆக, மெறூனுக்கு மேல் மெறூன். கில்ட்டின் மெல்லிய கோட்டின் நிறம். யூவனின் சட்டப்புத்தகத்துக்கும் அது சரி. இழுபட்டியில் தொங்கவேண்டிய இரண்டு சிறு துணி நாக்குகளை நான் மேசின் மடிப்பிலேயே ஊசியால் தைத்துவிட்டேன். ஸ்கொட்லாந்துக்காரர்கள் அதைக் கண்டுபிடித்தால் என்ன செய்வார்களோ என்று ஒரு கிழமை பயந்தேன்.

கலியாணவீடு

சனிக்கிழமை அலிஸ்டர் வேட்டி கட்டினார். அவருக்கு அது அவிழ்ந்துவிடும் என்ற பயம். மேலே ஒரு தோல் பட்டி, உள்ளே ஏழு சட்டை ஊசி. மனைவி எண்ணிச் சொன்னார். மணவறையில் சம்மணம் கட்டி இருந்தவரை எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டது. ஆனால் ஐயர் சொன்ன ஒவ்வொரு சடங்கையும் வாத்தியார் புத்தியோடு கவனமாகச் செய்தார். எங்கள் சனத்துக்கு அவரை நல்லாய்ப் பிடித்துப்போனது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவருடைய முறை. நல்ல வெயில், மண்டபத்தின் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. கில்ட்டும் கறுப்புக் கோட்டும் மெறூன் மேசுமாக இவர் உள்ளே வந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் இப்போதும் சொல்வேன், வடிவாகத்தான் இருந்தார். அவருக்கு நேரே சொல்லவில்லை. சொன்னால் வீட்டிலும் அதையே போட்டுக்கொண்டு திரிவார்.

முதலில் வாய் திறந்தவர் பாலன். இவரோடு ஒரே பணிமனையில் பஸ் ஓட்டுபவர்.

"குலம், களிசானை எங்கையடா விட்டிட்டு வந்தனீ? உதென்ன ரெண்டு மேசு? உள்ளுக்கும் ஒண்டு தெரியுது!"

சிரிப்பு எழுந்தது. நான் தாரணியைப் பார்த்தேன். தாரணி அப்பாவைப் பார்த்தாள். ஆறு மாதம் சொந்த மகளுக்கு மறைத்த மனிதர். நாற்பது பேர் நிற்கிறார்கள்.

"அது டொக்டர் தந்த மேசு" என்றார் இவர், சத்தமாக. "எனக்குக் காலிலை ரத்தம் கட்டினது. டொக்டரிட்டைப் போறதைத் தள்ளிப் போட்டிருந்தா இண்டைக்கு நான் இஞ்சை நிக்கமாட்டன்."

சிரிப்பு நின்றது. பாலன் கொஞ்ச நேரம் தன் குவளைக்குள் பார்த்தார். பிறகு கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி, "எனக்கும் வலது கால் பின்னேரத்திலை கனக்குதடா" என்றார்.

சாப்பாடு முடிந்து பார்த்தால் மண்டப மூலையில் ஒரு கூட்டம். ஐந்தாறு தமிழ் ஆண்கள் நல்ல கோட்டுச் சூட்டுப் போட்டு, களிசானை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் இவர், ஒவ்வொருவர் காலையும் குனிந்து பார்க்கிறார். என்னைக் கூப்பிட்டு, "விமலா, இதை ஒருக்காத் தொட்டுப் பாரும்" என்கிறார். யூவனின் பெரியம்மா அதை எங்கள் கலியாணச் சடங்குகளில் ஒன்று என்று நினைத்து மரியாதையோடு படம் பிடித்தார். அதைக் கண்ட இரண்டு ஸ்கொட்லாந்துக்காரர்களும் வந்து வரிசையில் நின்று தங்கள் மேசுகளைக் கீழே இறக்கினார்கள்.

பாலன் திங்கட்கிழமையே டொக்டரிடம் போனார். அவருக்குக் கட்டி இல்லை, இடுப்பு நரம்பில்தான் பிழையாம். ஆனாலும் போனாரே.

பிறகு பாட்டுப் போட்டார்கள். தாரணி வந்து அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். இவருக்கு ஆடத் தெரியாது. பஸ்ஸை வளைவில் திருப்புவது போல இரண்டு கையையும் சுழற்றுவார், அவ்வளவுதான். ஆனால் எட்டு யார் துணி அவருக்காகத் தானே ஆடியது. ஒரு பாட்டு. இரண்டு பாட்டு. சுற்றி நின்று எல்லோரும் கைதட்டினார்கள். மூன்றாவது பாட்டு சூடு பிடித்தபோது இவர் நடுக் களத்தில் நின்றுவிட்டார்.

நான் எழுந்து ஓடப் பார்த்தேன்.

"தாரணி," என்றார், "எனக்குக் கால் நோகுது. கொஞ்சம் இருப்பம்."

இவரோடு வாழ்ந்த இத்தனை வருடத்தில் 'நோகுது' என்ற சொல் அவர் வாயால் வந்து நான் கேட்டதில்லை. தாரணியும் கேட்டதில்லை. அவள் ஆட்டத்தை விட்டு, கதிரை ஒன்றை இழுத்து அவரை இருத்தி, இன்னொன்றை இழுத்து அவர் காலை அதில் தூக்கி வைத்தாள். பிறகு கலியாணச் சேலையோடு பக்கத்தில் தானும் இருந்தாள். பாட்டு அவர்கள் இல்லாமலே போய்க்கொண்டிருந்தது.

"கனக்க நோகுதே அப்பா?"

"இல்லை. கொஞ்சம்தான்," என்றார் இவர். "கேட்டியே, சொன்னனான் எல்லே?"